துடைக்காத திருநீறு

மலையகத்து நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் நிரூபா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது, மத்தியானமே மூடுபனி ஜன்னல்களை அடைத்திருந்தது. வார்டில் ஈரக் கம்பளி வாடை. கடைசிக் கட்டிலருகே மட்டும் வேறொரு வாடை, பூசணம் பிடித்த பாண் ரொட்டியை டப்பாவில் மூடி வைத்துத் திறந்ததுபோல.

அங்கே அழகுமுத்து படுத்திருந்தார். மனைவி மீனம்மா கொடுத்த சிறுநீரகத்தில் உயிர் வாழ்பவர். அதை உடல் ஒதுக்கிவிடாமலிருக்க அவர் விழுங்கிய மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் படுக்க வைத்துவிட்டன. காய்ச்சல் இறங்கவில்லை. காசநோய் என்று நினைத்துக் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை.

கழுத்துக்குழியில் திருநீறு வெள்ளையாக அப்பியிருந்தது.

"நல்லா அள்ளிப் பூசியிருக்கிறீங்கள், மீனம்மா."

"நானா? மாரியம்மன் தேரு வந்தாக்கூட வாசலுக்கு வராத மனுசன் டாக்டரம்மா. துண்ணூறோட கிட்டப் போனா கையத் தட்டி விட்ருவாரு. நர்ஸம்மாதான் பூசிருக்காங்கன்னு இருந்தேன்."

தாதியின் முகம் மாறியது. "நீங்க பூசுனதுன்னு நாங்க நெனச்சோம். சாமி காரியமாச்சேன்னு ஒடம்பு தொடைக்கிறப்பக்கூட அதைத் தொடல."



நிரூபா பஞ்சால் தொட்டாள். தூள் உதிரவில்லை.

இழுபட்டது.

நனைந்த பூனை மயிர்போல வெள்ளை இழைகள். அடியில் சீழ் கசியும் கருத்த சதை. இழுக்க இழுக்க நீண்டு வந்தன. அழகுமுத்துவின் தொண்டைக்குள் ஏதோ அவற்றோடு சேர்ந்து நகர்ந்தது.

நிரூபா இழைகளைக் கத்தரித்தாள்.

நுண்ணோக்கியில் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பரவிய பூஞ்சை தெரிந்தது. எந்த இனமென்று அறிய ஒரு துணுக்கைக் கண்ணாடித் தட்டில் வளர வைத்தாள்.

"மாத்திரையைக் குறைக்க வேணும். நீங்கள் குடுத்த சிறுநீரகம் பழுதாகலாம்."

"போனாப் போவட்டுங்க. ஆளு மிஞ்சட்டும்."

கண்டியிலிருந்து பூஞ்சைக்கான மருந்து வந்து சேர்ந்தபோது ஆள் மிஞ்சவில்லை.

அடக்கம் முடிந்தபின் மீனம்மா ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"எம்புருசனைத் தின்னதக் காட்டுங்க. மூஞ்சில காறித் துப்பணும்."

கொதிகலனில் போட்டு அழிப்பதற்காக நிரூபா அப்போதுதான் தட்டை எடுத்திருந்தாள். வெள்ளை மயிர் தட்டை நிறைத்து மூடியை முட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய நாடாவையும் மீறி அந்த வாடை அடித்தது.

மூடியின் உட்புறம் ஆவி படர்ந்தது.

மறைந்தது.

மீண்டும் படர்ந்தது.

மீனம்மா துப்பவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புறங்கையை மூடிமேல் வைத்தாள்.

"தொடாதேங்கோ! இதை உடன கொதிக்க வைக்க வேணும்."

"வேணாம் டாக்டரம்மா," என்று அவள் கிசுகிசுத்தாள். "இன்னும் காய்ச்சல் எறங்கலீங்க."

நிரூபாவின் விரல்களுக்கடியில் மூடி மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.