செவ்வாய்க்கிழமை போன மெயில்

ரோஹிணியின் வேலை திருடு போயிருந்தது.

2003-இல் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. இணையத்தில் தேடி, விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தாள். இன்று நேர்முகம். போகும் வழி கேட்கக் கம்பெனிக்கு ஃபோன் செய்தவளுக்கு இடி விழுந்தது. ‘வேலை வேண்டாம்’ என்று செவ்வாய்க்கிழமை மாலை 4.32-க்கு அவள் முகவரியிலிருந்தே மெயில் போயிருந்ததாம். அவள் அனுப்பவில்லை.

புனேயில், அவர்களுடைய விஷ்ராந்த்வாடி ஃப்ளாட்டுக்கு வந்து உட்கார்ந்தாள் சித்தி கிரிஜா. வங்கியில் மோசடிகளைத் துருவும் அதிகாரி. திருடர்களைக்கூட மன்னிப்பாள், அரைவேக்காட்டுத் திருடர்களை அறவே பிடிக்காது.

“பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“இவருக்கு. அப்புறம் பக்கத்து வீட்டு ராஜஸ்ரீக்கு. அவதான் பயோடேட்டா டைப் பண்ணா.”

“அவளும் இதே வேலைக்குத்தான் நிக்கிறா. இதுக்கு மேல துப்பறியணுமா?” என்றான் கணவன் ஜெயந்த். ஆகுர்டி தொழிற்சாலையில் வேலை போனதிலிருந்து சோபாவை விட்டு நகராதவன். நெட்டில் வேலை தேடுவது வெட்டிவேலை என்று உபதேசம் வேறு.

வரும் வழியில் தெருமுனை நெட் சென்டரில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் கிரிஜா. செவ்வாயன்று மூன்று மணி சுமாருக்கு ஒரு ஆள். புனே தூசிக்கு எல்லாரும் கட்டுவது போல முகம் முழுக்கத் துணி. ஆணா பெண்ணா என்று கடைக்காரர் கவனிக்கவில்லை. காசு கொடுத்து உட்கார்ந்து, நாலரை வரைக்கும் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம். அப்புறம் ஐந்து நிமிஷம் இன்டர்நெட். கிளம்பியாயிற்று.

கதவைத் தள்ளிக்கொண்டு ராஜஸ்ரீ வந்தாள். “ரோஹிணி, மை இன்டர்வியூ கே லியே நிகல் ரஹி ஹூன். தூ நஹி ஆ ரஹி?” இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிட்டாளாம், நீ வரலையா என்கிறாள்.

ரோஹிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராஜஸ்ரீ விழித்துவிட்டுப் படியிறங்கினாள்.

“இந்த நேரத்துல போனா விளங்கின மாதிரிதான்” என்று முணுமுணுத்தான் ஜெயந்த். கிரிஜா எழுந்தாள். “சித்தி, என்ன அவசரம்? காபி குடிச்சுட்டுப் பன்னெண்டு மணிக்கு மேல கிளம்புங்க” என்று தடுத்தான்.

கிரிஜா பால்கனிக்குப் போய், “ராஜஸ்ரீ, ருக்கோ!” என்று அவளை நிற்கச் சொல்லிக் கத்தினாள். திரும்பி வந்து அவனைப் பார்த்தாள்.

“மெயில் அனுப்பினது நீங்கதான், மாப்பிள்ளை.”

“நானா!”

“ஒரு மெயில் அனுப்ப ஒன்றரை மணி நேரம் எதுக்கு? உள்ள போய் உட்கார்ந்த பிறகு மணியைப் பார்த்திருக்கீங்க. செவ்வாய்க்கிழமை மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். முடியற வரைக்கும் சீட்டாடியிருக்கீங்க. பொண்டாட்டி பிழைப்பைக் கெடுக்கறதுக்கும் நல்ல நேரம்! தூ!”

“ராஜஸ்ரீயும் ராகு காலம் பார்த்திருக்கலாமே?”

“வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். அவ கைய வீசிட்டு இன்டர்வியூவுக்கே கிளம்பிட்டா. என்னைப் பிடிச்சு உட்கார வைக்கறது நீங்க.”

 ஜெயந்த் உடைந்தான். “நானும் திருட்டுத்தனமா நெட்ல நூறு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பினேன் சித்தி. ஒருத்தன் பதில் போடல. இவளுக்கு மட்டும் முதல் தடவையே...”

இரக்கப்பட அங்கே யாரும் இல்லை. கிரிஜா கம்பெனிக்கு ஃபோன் போட்டு, தன் பதவியைச் சொல்லி, மெயில் மோசடி என்று விளக்கினாள். மறுமுனை தயங்கியது. கடைசியில், மூன்று மணிக்குள் வந்தால் பார்க்கிறோம் என்றது.

ரோஹிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சான்றிதழ் ஃபைலை எடுத்தாள். கீழே ராஜஸ்ரீயின் ஸ்கூட்டர் உறுமியது. ரோஹிணி வாசலில் நின்று ஜெயந்த் பக்கம் திரும்பினாள்.

“சாயங்காலம் நான் வரும்போது நீங்க இங்க இருக்கக் கூடாது.”

“நான் எங்க போவேன் ரோஹிணி?”

“நெட்ல தேடிப் பாருங்க” என்றாள். “வீடும் கிடைக்கும்.”