விழ மறுத்த வட்டம்

முதல் தடவை போனபோது காற்று ஊதும் முனையான நாசில்தான் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் தடவை காற்றுக் குழாயில் ஈரம் என்று நினைத்தேன். மூன்றாம் தடவையாகத் திருச்சியிலிருந்து பைக்கில், வைகாசி வெயிலில் முதுகு வேகக் கிளம்பியபோது வந்த ஆத்திரத்தில், அந்த மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தது.

புதுக்கோட்டை தாண்டி ஆலங்குடி சாலையில், முந்திரிக் காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உதயசூரியன் சிங்கப்பூரில் வெல்டராக உழைத்துத் திரும்பி வந்து வைத்த லேசர் பட்டறை அது. நான், அவருக்கு மெஷினை விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆள், பெயர் செம்மல். வேலையே திட்டு வாங்குவதுதான்.

"வாங்க சார். இன்னைக்காச்சும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார் உதயசூரியன். "வெட்டுன பீஸ் ஒண்ணுகூடக் கீழ விழ மாட்டேங்குது. சுத்தியல வச்சு அடிச்சுல்ல எடுக்க வேண்டியிருக்கு."

லேசரில் இரும்புத் தகடு வெட்டுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தகட்டைக் கட்டில் மாதிரியான ஒரு மேடையில் போடுவோம். மேலிருந்து ஒளி உருக்கும், காற்று உருகியதைக் கீழே ஊதித் தள்ளும். வெட்டு முடிந்தால் துண்டு தானாகக் கீழே விழ வேண்டும். இங்கே விழவில்லை. அவ்வளவுதான் புகார்.

"எல்லாம் இந்தப் புள்ள பாக்குற லட்சணம்" என்று மெஷினை ஓட்டும் சத்யபிரியாவைக் கைகாட்டினார். "ஓடிப்போனவ மகள வேலைக்கு வச்சா மெஷின் எப்புடி ஓடும்? இன்னைக்குச் சரியாகலைனா நாளையிலேருந்து வராதன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐடிஐ முடித்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். போன தடவை டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தேன். பட்டறை வருவதற்கு முன்னால் இந்த இடம் முந்திரி உடைக்கும் களமாக இருந்ததாம். அங்கே வேலை பார்த்த இவள் அம்மா அமராவதி ஒரு மழைக்காலத்தில் காணாமல் போனாளாம். லாரிக்காரனோடு போய்விட்டாள் என்று களத்துக்காரர்தான் முதலில் சொன்னாராம். அன்றிலிருந்து ஊர் இவளுக்கு வைத்த பெயர் ஓடிப்போனவ மக.

மெஷின் கோளாறுக்கு ஒருத்தியின் அம்மாவை இழுக்கிற ஆளிடம் எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. பையைத் திறந்தேன்.

மெஷினின் வெட்டும் தலையில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. உயரம் பார்க்கும் சென்சாருக்கு மேலேயே பொட்டு வைத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். நாசிலை மாற்றினேன். ஒளி நடுவில் விழுகிறதா என்று பார்த்தேன், விழுந்தது. லென்ஸுக்குக் கீழே இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை உருவினேன்.

கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

இரும்புப் புகை இப்படி ஒட்டாது. முகர்ந்து பார்த்தேன். மூக்கு எரிந்தது. சுட்ட முந்திரித் தோலின் காரமான வாசனை.

"இங்கிட்டு யாரும் முந்திரி வறுக்கிறாங்களா?"

"களத்த மூடி எத்தனையோ வருசமாச்சு சார்" என்றாள் சத்யபிரியா.

புதுக் கண்ணாடி போட்டேன். ஒளியில் கண் கெடும் என்பதால் ஷட்டரை இறக்கி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, ஒரு வட்டம் வெட்டச் சொன்னேன். பொறி அழகாகக் கீழே கொட்டியது. சத்தமும் சரியாக இருந்தது. வெட்டு முடிந்தது.

வட்டம் விழவில்லை.

குனிந்து பார்த்தேன். சுற்றிலும் நன்றாகத்தான் அறுந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் நாலு இடம் அறாமல் நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு இடம், சற்றுப் பருமனாக. தகட்டை வேறு மூலைக்குத் தள்ளிப் போட்டு வெட்டினேன். அதேபோல நாலும் ஒன்றும். வேகத்தைக் குறைத்தேன், பவரை ஏற்றினேன், போகஸை இறக்கினேன். எதற்கும் அசையவில்லை. நாலில் கடைசி மட்டும் ஒவ்வொரு தடவையும் மற்றதில் பாதியாக இருந்தது.

என் கை என்னைக் கேட்காமலே அந்த வட்டத்தின் மேல் போய் நின்றது. நாலு விரல் அந்தப் பக்கம், கட்டைவிரல் இந்தப் பக்கம். சரியாகப் பொருந்தியது.

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, இந்தக் கோளாறு வர்றதுக்கு முன்னாடி எதையாச்சும் மாத்துனீங்களா?" சர்வீஸ் வேலையில் முதல் கேள்வி இது. இதற்குத்தான் முதல் பொய்யும் வரும்.

"ஒண்ணும் மாத்தலைங்க."

மூன்று தடவையும் இதே பதில். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஷட்டர் இறக்கியிருந்ததால் வெளியே வெயில் கொளுத்தியும் உள்ளே கும்மிருட்டு. மெஷின் விசிறி மெல்ல அடங்கியது. கம்ப்ரசர் கடைசியாக ஒரு மூச்சு விட்டு நின்றது. தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தம்கூடக் கேட்டது.

அப்புறம் இன்னொரு சத்தம்.

டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

மேடைக்கு அடியிலிருந்து வந்தது.

"சூட்டுல இரும்பு விரியுது" என்றேன். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இல்ல சார்." சத்யபிரியா என் காதருகே கிசுகிசுத்தாள். "முந்திரி ஒடைக்கிற கொட்டாப்புளி. ஒரு அடி அடிச்சு, பருப்ப எடுத்துப் போட்டுட்டு, மறு அடி. அம்மா பக்கத்துல ஒக்காந்து இதக் கேட்டுக்கிட்டேதான் நான் வீட்டுப் பாடம் எழுதுவேன்."

டொக்.

செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு முட்டிபோட்டுக் குனிந்தேன். அடியில் யாரும் இல்லை. கசடு நிறைந்த தட்டு மட்டும் இருந்தது. வெளிச்சத்தை மேலே திருப்பியபோதுதான் தகட்டைத் தாங்கும் இரும்புப் பட்டைகளைப் பார்த்தேன். ஒளி பட்டுப் பட்டு இவை அரித்துப்போகும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஓரத்தில் இருந்தவை எங்கள் கம்பெனிப் பட்டைகள். நடுவில் வரிசையாக நின்றவை வேறு. ஒரே தகட்டில் வெட்டிய பழைய துரு இரும்பு.

எனக்கு வந்த கோபத்தில் பயம்கூட ஒரு நிமிடம் ஒதுங்கி நின்றது.

"ஒண்ணும் மாத்தலைன்னீங்க? இது என்ன?"

உதயசூரியன் தலையைச் சொறிந்தார். "பட்டையத் தானே சார்... அது ஒரு மாத்தமா? கொல்லையில பழைய பிளேட்டு ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அதையே இந்த மெஷின்ல வெட்டி மாட்டிட்டேன்."

"என்ன பிளேட்டு?"

"களத்துக் கெணத்து மூடி."

அடியில் சத்தம் நின்றது.

நாங்கள் மூவரும் ஷட்டரை ஏற்றி, அந்தப் பட்டைகளைக் கழற்றி வெளியே வெயிலில் போட்டோம். சத்யபிரியாதான் அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக, துருவின் ஓட்டத்தைப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாள். பட்டைகள் சேரச் சேர மூடி மறுபடியும் உருவாகி வந்தது. கிணற்றின் உள்பக்கம் பார்த்து இருந்த முகம் இப்போது வானத்தைப் பார்த்தது.

முழுக்கத் துரு. துருவுக்கு நடுவே கறுப்பாக, வழவழவென்று கைகள்.

முந்திரித் தோல் எண்ணெய் பட்ட இரும்பு லேசில் துருப்பிடிக்காது. எண்ணெய் ஊறிய இரண்டு உள்ளங்கைகள் அந்த மூடியை ஒரு இடம் விடாமல் கீழிருந்து தள்ளிப் பார்த்திருந்தன. நடுவில் அழுத்தமாக. ஓரங்களில் விரல் நுனிகள் மட்டும். எல்லா வலக்கைத் தடத்திலும் சுண்டுவிரல் பாதிதான்.

"கொட்டாப்புளி பட்டு நசுங்குன வெரலு" என்றாள் சத்யபிரியா. அந்தப் பாதி விரல் தடத்தின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டாள். "அது ஒற கெணறு சார். ஐப்பசி மழைக்குத் தண்ணி மேல் ஒற வரைக்கும் வந்துரும். மெதந்தா மூடி கைக்கு எட்டியிருக்கும்."

அவள் அழவில்லை. உதயசூரியனைத் திரும்பிப் பார்த்தாள். "மூடிமேல என்ன இருந்துச்சு மொதலாளி?"

"கருங்கல்லு" என்றார். "நாலஞ்சு பெரிய கல்லு. கெணத்துக்குள்ள பூரா முந்திரித் தோலாக் கொட்டி வச்சிருந்தாங்க. நான் மேல மண்ண அள்ளிப் போட்டு மூடிட்டேன்."

"எந்த எடத்துல?"

அவர் கையை மட்டும் மெதுவாகத் தூக்கிக் கொட்டகைக்குள்ளே காட்டினார்.

மெஷினைக் காட்டினார்.

கான்கிரீட் போட்டு, போல்ட் இறக்கி, நூல் பிடித்து அதை அங்கே நிறுத்தியது நான்தான்.

உள்ளே கரண்ட் இன்னும் வரவில்லை. சத்யபிரியா போய் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள். கான்கிரீட்டில் வாயை வைத்துச் சொன்னது வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.

"அம்மா. நீ ஓடிப்போகலன்னு தெரிஞ்சுபோச்சும்மா."

பட்டைகளைக் கழற்றும்போது தகட்டை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தோம். அதில் தொங்கிக்கொண்டிருந்த வட்டம், யாரும் தொடாமல், டங்கென்று தரையில் விழுந்தது.

போலீஸ் வந்தது. தாசில்தார் முன்னிலையில் கான்கிரீட்டை உடைத்தார்கள். முந்திரித் தோலுக்கு அடியில் அவள் இருந்தாள். களத்துக்காரர் செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கேட்பதற்கு ஆளில்லை, தண்டிக்கவும் ஆளில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. சத்யபிரியா தன் கையால் கொள்ளி வைத்தாள். ஓடிப்போனவ மக என்று சொல்ல அப்புறம் ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. உதயசூரியன் பட்டறையை விற்றுவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே போய்விட்டார்.

மெஷினைக் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒருவர் வாங்கினார். ஓட்டத் தெரிந்தவள் என்று சத்யபிரியாவையும் கூடவே அழைத்துக்கொண்டார். புது இடம், புதுத் தரை, எல்லாம் எங்கள் கம்பெனிப் பட்டைகள். நானே போய்ப் பொருத்தி, வெட்டிப் பார்த்து, துண்டுகள் மளமளவென்று விழுவதைக் கண்ணாரக் கண்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

போன வாரம், மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்கக் கூப்பிட்டேன்.

"நல்லா ஓடுது சார்."

"பீஸ் விழுதா?"

"விழுது சார். நான் அடியில கைய விட்டு விழுந்தத எடுக்கையில மட்டும், கைய வெளிய எடுக்குற வரைக்கும் மேல வெட்டுன துண்டு விழாம நிக்குது."

அவள் குரலுக்குப் பின்னால் மெஷின் சத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஏதோ கேட்டது.

டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

"சத்யபிரியா, அது என்ன சத்தம்? நான் நாளைக்கே கிளம்பி வாரேன்."

"வேணாம் சார்" என்றாள் மிக மெதுவாக. "இத மட்டும் சரி பண்ண வந்துராதீங்க."