நான்காம் தடம்

காலை 9.15. பாட்டு ஓடியது. வயலின் அழுதது, கிடார் அதைத் தேற்றியது, டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. பாடியவளை மட்டும் காணவில்லை.

ஒலிப்பதிவாளர் நாடாவைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினார். தொடக்கத்தில் ஒரு மூச்சு. "அக்கரை" என்று ஒரே ஒரு சொல். பிறகு, நாடாவில் அவள் குரலுக்கென்று இருந்த தடத்தில் வெறும் இரைச்சல்தான். அவர் அலறிவிட்டார்.

பாடியவள் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாட்டுப்புறப் பாட்டை ராக் இசையோடு சேர்த்துப் பாடிய நால்வர் குழு அது. ஓடக்காரர்களின் பழைய பாட்டு ஒன்றைத் தங்கள் முதல் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்திருந்தார்கள். அவள் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அவள் போன பிறகு அந்த நாடாவைப் போட்டுக் கேட்கவே யாருக்கும் மனம் துணியாததால் நகலும் எடுக்கவில்லை. நான்கு தடங்களையும் ஒன்றாகக் கலந்து நாளை இசைத்தட்டுக்கு அனுப்பவேண்டும் என்று இன்றுதான் பெட்டியைத் திறந்தார்கள்.

புகாரின் பேரில் 10.40க்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். விசாரணைக்கு முன் கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொள்வது அவர் வழக்கம். 'ஆண்டவா, உண்மையைக் காட்டு. காட்டும்போது யாரையும் உடைத்துவிடாதே.' முதல் பாதி பெரும்பாலும் பலித்துவிடும். இரண்டாம் பாதி எப்போதாவதுதான்.

"யாரு செஞ்சதுன்னு தேடவே வேண்டாம் மேடம்," என்றான் கிடார்க்காரன். இறந்தவளின் கணவன் அவன். "இந்த இடிதான். இந்தப் பாட்டு வெளிய வரவே கூடாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னவன்."

டிரம்ஸ் வாசிப்பவனைத்தான் இடி என்பார்கள். பெயர்தான் இடி, பேச்சு தூறல். சுவரோரம் குனிந்து நின்றான்.

"சொன்னியாப்பா?"

"சொன்னேங்க."

"ஏன்?"

"பதிவு அன்னிக்கு அதுக்கு நெஞ்சுல சளி, காய்ச்சல். காலைலேர்ந்து திரும்பத் திரும்பப் பாடுச்சு. கடைசியா ஒண்ணு நல்லா வந்துச்சு. முடிஞ்சதும் அதோட அப்பாவப் பாத்து, 'போதுமாப்பா?'ன்னு கேட்டுச்சு. 'இன்னொரு தடவ'ன்னாரு. நான் குச்சிய வீசிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"தாளமே இல்லாம பாடப் பாத்துச்சாம். பாதியில உக்காந்துருச்சு. அதோட ஆஸ்பத்திரி. திரும்பி வரல." அவன் கிடார்க்காரனை நிமிர்ந்து பார்த்தான். "அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம், மச்சான்."



இறந்தவளின் அப்பா மூலை நாற்காலியில் இருந்தார். குழுவின் வயலின்காரர் அவர். மகளுக்கு எழுத்துக்கு முன்பே பாட்டைக் கற்பித்தவர். இவ்வளவு சத்தத்திலும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. 'என் பொண்ணு குரல அழிச்சது யாரு' என்றுகூடக் கேட்கவில்லை. துக்கம் மனிதனை ஊமையாக்கும்தான் என்று இன்ஸ்பெக்டர் அம்மா எண்ணிக்கொண்டார். ஆனாலும் அது மனதில் முள்ளாக நின்றது.

மேசையில் இசைத்தட்டு உறையின் மாதிரி கிடந்தது. நான்கு பெயர்கள். ஒன்று பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

"இது யாரு அடிச்சது?"

"மாமாதான்," என்றான் கிடார்க்காரன். "போன வாரம். என் பேரு வேண்டாம், அவ பேரு போதும்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான், தன்னப் பெருசா காட்டிக்க மாட்டாரு."

12.05. இன்ஸ்பெக்டர் அம்மா ஒலிப்பதிவாளரோடு தனியாக உட்கார்ந்தார்.

"ஒலிப்பதிவுக் கூடத்துச் சாவி?"

"கதவுக்கு மேல இருக்கும். குழுவுல எல்லாருக்கும் தெரியும் மேடம். நேத்து சாயங்காலம் நான் இல்ல."

"அழிக்கறது கஷ்டமா?"

"இல்லீங்க. இந்த நாலு சுவிட்சு பாருங்க." ஒவ்வொன்றின் கீழும் ஒட்டுத்துண்டில் எழுதியிருந்தது: ஒன்று வயலின், இரண்டு கிடார், மூன்று டிரம்ஸ், நான்கு குரல். "எத அழுத்துறோமோ அந்தத் தடம் மட்டும் அழியும். மத்தது அப்படியே நிக்கும்."

"பாட்டக் கெடுக்கணும்னா ஒரு பிளேடு போதுமே. இவ்வளவு பதவிசா ஒரே ஒரு தடத்த ஏன் தொடணும்?" அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "நாலாவத மட்டும் போடுங்க."

மூச்சு. அக்கரை. இரைச்சல். நெடுநேரம் இரைச்சல். கடைசியில் 'டக்' என்று ஒரு ஒலி.

"அது என்ன சத்தம்?"

"அழிக்க ஆரம்பிக்கும்போது விழற சத்தங்க."

"ஆரம்பிக்கும்போதா? அப்ப அது முன்னாடில்ல இருக்கணும்? கடைசியில இருக்கே."

ஒலிப்பதிவாளர் கையை எடுத்துவிட்டு இயந்திரத்தையே பார்த்தார்.

"முடிவுலேர்ந்து ஆரம்பத்துக்கு அழிச்சிருக்காங்க," என்றார் அம்மா. "அதான் முதல் சொல்லு மட்டும் தப்பிச்சிருக்கு. அப்படி அழிக்க முடியுமா?"

"இந்த மிசின் முன்னாடி மட்டுந்தான் பதியும் மேடம்..." அவர் குரல் இறங்கியது. "காலைல பெட்டியத் திறந்தப்ப பச்ச முனை வெளிய இருந்துச்சு. நாடாவோட தொடக்கத்துல பச்ச ஒட்டிருப்பேன், முடிவுல சிவப்பு. ஓட்டி முடிச்சா நான் திருப்பிச் சுத்த மாட்டேன். முடிவு வெளிய இருக்கற மாதிரியே வெப்பேன். அப்பதான் ஒரு சுத்தோட சத்தம் பக்கத்துச் சுத்துல படியாது. எங்க தொழில்ல அதுதான் வழக்கம்."

"அது குழுவுல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க. சுவிட்சு அமுக்கறதத்தான் பாத்திருக்காங்க. நாடாவ நானேதான் மாட்டுவேன்."

"தெரியாதவங்க பெட்டியிலேர்ந்து எடுத்து அப்படியே மாட்டினா?"

"பாட்டு தலகீழா ஓடும்."

"ஓடி முடிஞ்சா, பச்ச முனை வெளிய வந்துரும்."

"ஆமாங்க. ஆனா ஸ்பீக்கர்ல கேட்ட உடனே தெரிஞ்சிருமே!"

"யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அணைச்சு வெச்சிருந்தா தெரியாது. தலகீழா ஓடும்போது, சுவிட்சுக்கு நேரா அதே தடந்தான் வருமா?"

ஒலிப்பதிவாளர் விரலால் காற்றில் ஒரு நாடாவை வரைந்தார். அதைத் திருப்பினார். மேலே இருந்தது கீழே போயிற்று. அவர் முகம் வெளிறியது.

"மாறிடும். நாலு ஒண்ணா ஆயிரும், ஒண்ணு நாலா ஆயிரும். கடவுளே... அவங்க அமுக்கினது நாலாவது சுவிட்சு இல்ல."

"இல்ல," என்றார் அம்மா. "ஒண்ணாவது."

அவர் முதல் தடத்தையும் கடைசி வரை தனியாகக் கேட்டார். ஹெட்போனை மெல்லக் கழற்றி வைத்தார்.

1.30. எல்லோரும் கூடத்தில் நின்றார்கள்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க," என்று தொடங்கினார். "இடி செய்யல. குரல அழிக்கணும்னு யாருமே நினைக்கல. வந்தவரு அழிக்க வந்தது வயலின." சுவிட்சையும், 'டக்'கையும், பச்சை முனையையும், திரும்பிய நாடாவையும் விளக்கினார். பிறகு மூலை நாற்காலியின் முன் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். நின்றபடி கேட்கிற கேள்வியாக அது அவருக்குப் படவில்லை.

"உறையில பேர அடிச்சீங்க. அது பத்தலயாப்பா?"

பெரியவர் தலையை அசைத்தார்.

"பத்தலம்மா. அவள அடிச்சு அடிச்சுப் பாட வெச்ச கை இது. அவ பாட்டுல இந்தக் கை வாசிச்சது இருக்கக் கூடாதுன்னு... சத்தத்த அணைச்சுட்டு ஒண்ணாவது சுவிட்சத்தான் அமுக்கினேன். சக்கரத்துல நாடா தீரப்போறதப் பாத்து நிறுத்தினேன். வீட்டுக்குப் போய் மூணு மாசத்துல முத தடவையா தூங்கினேன்." அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "காலைல இவரு அலறினப்பதான் தெரிஞ்சுது. ரெண்டாந்தடவையும் நானே கொன்னுட்டேன்."

கிடார்க்காரன் சுவரில் தலையைச் சாய்த்து, குழந்தை மாதிரி விம்மினான். இடி அவனைத் தாண்டிப் போய்ப் பெரியவரின் தோளில் கை வைத்தான். எடுக்கவே இல்லை.

"புகார் இல்ல மேடம்," என்றான் கிடார்க்காரன் ரொம்ப நேரம் கழித்து.

"ஒண்ணு சொல்லணும்," என்றார் ஒலிப்பதிவாளர். "வயலின் மைக்கு, பாடுன பாப்பாவுக்குப் பக்கத்துல இருந்துச்சு. அதுல அவங்க குரலும் கொஞ்சம் விழுந்திருக்கு. பிரிச்செடுக்க முடியாது. வார்த்தகூடச் சரியாப் புரியாது."

முதல் தடத்தை உயர்த்தினார். வயலின் பொங்கி வந்தது. அதற்குப் பின்னால், பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து போல, ஒரு பெண் பாடினாள். அழிக்க வந்த வயலினுக்குள்தான் அவளில் மிச்சமானது இருந்தது. அது அழிந்திருந்தால் குரல் பிழைத்திருக்கும். இப்போது அதைக் கேட்கவேண்டும் என்றால் அப்பாவின் வில்லைத் தாண்டித்தான் கேட்கவேண்டும்.

பாட்டு முடிந்தது. வயலினும் ஓய்ந்த அந்த அமைதியில், இந்த முறை தெளிவாகவே கேட்டது:

"போதுமாப்பா?"

அடுத்து என்ன வரும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அது வருவதற்குள் இன்ஸ்பெக்டர் அம்மா எட்டிப் பொத்தானை அழுத்திவிட்டார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பெரியவர் ஸ்பீக்கரைப் பார்த்து முன்னால் குனிந்தார்.

"போதும்மா," என்றார். "போதும். வா, வீட்டுக்குப் போலாம்."

நாடா நின்றிருந்தது. அந்தப் பதில் எந்தத் தடத்திலும் பதியவில்லை.