சுரப்பிகள் போட்ட கூச்சல்

காலையில் ரத்தச் சோதனைக்கான புது மருந்துப் பெட்டியைப் பிரித்தால், நோயாளிகளின் ரத்தத்தை வைப்பதற்கு முன்னால் தன் ரத்தத்தையே ஒரு குழாயில் எடுத்து வைத்து மெஷினைச் சரிபார்ப்பது அந்த லேப்காரியின் வழக்கம். பயத்திலும் பதற்றத்திலும் ஊறுகிற கார்டிசால் என்ற ஹார்மோன், என்றைக்கும் நல்ல பிள்ளையாக நிற்பது, அன்றைக்கு உச்சாணிக் கொம்பில் ஏறியிருந்தது. புலி துரத்துகிற ஆளுக்கு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி கொட்டுகிற அளவு.

"வீட்டுல மாமாகூட சண்டையாக்கா?" ரிப்போர்ட் அடிக்கும் பெண் சிரித்தாள்.

"அட நீ வேற! வெளியூர் போயிட்டு வந்ததுலேர்ந்து மனுஷன் தங்கமா இருக்காரு."

உண்மைதான். போன வாரம் வேலை விஷயமாகப் போய்த் திரும்பியதிலிருந்து அவள் புருஷன் குரலை உயர்த்துவதே இல்லை. பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. மின்விசிறி நின்ற புழுக்கத்தில் வீடே வெந்துகொண்டிருக்க, அவன் சட்டையில் மட்டும் ஒரு பொட்டு வேர்வை கிடையாது. அவன் அறைக்குள் வரும்போதெல்லாம் ஈர மண் வாடை லேசாக மூக்கில் ஏறி, அவளுக்கு நாக்கு வறண்டு, உள்ளங்கை நனைந்து, கையில் மயிர் குத்திட்டு நின்றது. 'நம்ம ஆளுதானே' என்று மனசு சமாதானம் சொன்னது. உடம்புதான் கேட்கவில்லை.

தைராய்டாக இருக்கும் என்று அவனுக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுத்து வந்திருந்தாள். ரத்தம் லேசில் வரவில்லை. மத்தியானம் அதை மெஷினில் வைத்தாள்.

தைராய்டு இல்லை. கார்டிசால் இல்லை. இன்சுலின் இல்லை. குறைவென்றால் மாத்திரை இருக்கிறது. இது குறைவில்லை, சுத்தமாக ஒன்றுமே இல்லை. பக்கத்துக் குழாய்களுக்கெல்லாம் கணக்கு சரியாகத்தான் வந்தது.

"தண்ணியை ஊத்தி வச்சிட்டீங்களாக்கா? இப்படி இருந்தா ஆளு உசுரோடயே இருக்க முடியாதே!"

இன்று ஸ்கூல் லீவு. மகள் அவனோடு தனியாக இருக்கிறாள்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. டிவி சத்தம் இல்லை. பேச்சு இல்லை. சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் கண்ணைத் திறந்தபடி அவன் மல்லாந்து படுத்திருந்தான். குழந்தை அவன் மார்மேல்.

"சத்தம் போடாத," என்றான் அன்பாக. "இப்பதான் அடங்கினா."

பிடுங்கினாள். அள்ளினாள். தெருவுக்கு வந்துவிட்டாள். அவன் துரத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஒண்ணுமில்லடி கண்ணு. அம்மா வந்துட்டேன்ல?"

குழந்தை கண் விழித்து, அவள் நெஞ்சில் காதை வைத்தது. "ஏம்மா உனக்கு இப்படி அடிச்சுக்குது?"

அவளுக்கு நாக்கு வறண்டது. குழந்தையைத் தாங்கிய கையில் மயிர் எழுந்தது. உடம்பு முழுக்க ஒரே கூச்சல். போடு. ஓடு.

குனிந்து மகளின் நெஞ்சில் காதை வைத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

பெற்றவள் ஆயிற்றே, விடுவாளா? இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சில்லிட்ட சின்னக் கை அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தது. தட்டத் தட்ட, அவள் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல அடங்கத் தொடங்கியது.