துண்டுக்குப் பின்னால் இருந்தவர்

பல் துலக்கும் முன்பே அம்மா வீட்டுத் திரையில் பழைய பதிவை ஓடவிடுவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் காலை இப்படித்தான் தொடங்கும். பக்கத்து வீட்டில், இறந்துபோன மாமியார் மருமகளைத் திட்டுவது சுவர் வழியாகக் கேட்கும். எதிர் வீட்டில் செத்துப்போன ஒருவர் தினமும் அதே தும்மலைத் தும்முவார். அரசு இதற்கு மீள்காட்சி என்று பெயர் வைத்தது. நாங்கள் ரீப்ளே என்போம்.

மறதிக் காய்ச்சல் வந்துபோன பிறகு மனித மூளை மாறிவிட்டது. கண்ணில் படாத ஆளை அது ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அதனால் சிக்கல் இல்லை. இறந்தவர்களைத்தான் நாள் தவறாமல் பார்க்கவும் கேட்கவும் வேண்டும். எழுதி வைத்தால் அது செய்தியாக நிற்கும், ஆளாக நிற்காது. புகைப்படமும் போதாது. அந்த ஆள் அசைய வேண்டும், பேச வேண்டும்.

என் அப்பா தணிகாசலம் கேப் ஓட்டியவர். ஒரு மத்தியானம் சிக்னலில் நின்றிருந்த வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பின்சீட்டில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

எங்கள் வீட்டுத் திரையில் அப்பா வெறும் சாம்பல் நிறப் புகை. கூடத்து மூலையில் மாட்டியிருக்கும் கேமராவுக்கு வீட்டுக்கண் என்று பெயர். எங்களுக்குக் கட்டுப்படியான பதிவுரிமை இரண்டு பேருக்கானது. உரிமை இல்லாதவரின் உருவத்தை வீட்டுக்கண் கலைத்துவிடும், குரலை அழித்துவிடும். அந்த இரண்டு இடங்களையும் அப்பா அம்மாவுக்கும் எனக்கும் கொடுத்துவிட்டார்.

“யோவ், என் பேர எடுத்துட்டு உன் பேரப் போடுய்யா” என்று அம்மா சண்டை போட்டது பதிவில் இருக்கிறது. அவர் சொன்ன பதில் இல்லை. ஆனால் அப்போது எங்களுக்கு அது நினைவிருந்தது: “எனக்கு எதுக்கு அமுலு? நாள் முழுக்க வண்டி கேமராதான் என்னப் புடிச்சினே இருக்குதே.”

புகை எனக்குச் சோறு ஊட்டும். புகை அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்க்கும். அம்மா புகையைப் பார்த்துச் சிரிப்பாள்.

அதனால் வண்டிப் பதிவுக்காகக் காத்திருந்தோம். ஓட்டுநர் இறந்தால் கம்பெனி அதைக் குடும்பத்திடம் தந்தாக வேண்டும். தந்தபோது ஓராண்டு நெருங்கிவிட்டிருந்தது. அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இன்னா சொல்றாருன்னு பாப்போம்.”

“வணக்கம் மேடம், ஓடிபி சொல்லுங்க” என்றார் அப்பா.

அம்மா வாய்விட்டு அழுதாள். எத்தனை காலம் கழித்து அந்தக் குரல்!

பிறகு நாட்கணக்காகப் பார்த்தோம். ஏர்போர்ட், சென்ட்ரல், ஓஎம்ஆர். “ஏசி போதுமா சார்?” “மேப் காட்ற ரூட்லயே போலாமா மேடம்?” யாரோ ஒருவன் தாமதத்துக்காகக் கத்தினான். அப்பா மன்னிப்புக் கேட்டார். வீட்டில் மன்னிப்பே கேட்காத மனிதர். சண்டை வந்தால் நேராக அடுப்படிக்குப் போய் டீ போட்டு அம்மா பக்கத்தில் வைப்பார், அவ்வளவுதான். அந்த ஆள் இதில் எங்கும் இல்லை.

பயணி இறங்கியதும் சில சமயம் அவர் கை நீளும். கட்டம்போட்ட துண்டு ஒன்று கேமராவின் மேல் விழும். திரை இருட்டாகும், சத்தமும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டு விலகும்போது அப்பாவின் முகம் தெளிந்திருக்கும்.

அம்மா சுலைமான் மாமாவை வரவழைத்தாள். அப்பாவோடு அதே ஸ்டாண்டில் ஓட்டியவர்.

“வண்டில உக்காந்து வூட்டாளுங்ககிட்ட பேசினா கம்பெனிக்காரன் ஸ்டாரக் கொறைச்சிடுவான் தங்கச்சி. அதான் எல்லாரும் துண்டப் போட்டு மைக்க அமுக்கிட்டுப் பேசுவோம். எவனாச்சும் துண்டப் போட்டா, ‘இன்னாடா, வூட்டு ஹைகோர்ட்ல வாய்தாவா’ன்னு ஓட்டுவோம். தணிகாதான் ஜாஸ்தி போடுவான். வெக்கமே படமாட்டான்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“அப்போ எங்ககூட பேசினது ஒண்ணுகூட இல்லியாண்ணே?”

திரையில் அப்பா யு-டர்ன் எடுக்கக் காத்திருந்தார். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஸ்டாண்டுல உங்க கேமராவுல அப்பா இருக்க மாட்டாரா மாமா?” என்று கேட்டேன்.

“என் வண்டிக் கேமரா என்னையத்தானே பாக்கும் கண்ணு.”

குரல்தேடியில் ‘அமுலு’ என்று தேடினேன். இல்லை. என் பெயர் ‘நித்திலா’ என்று தேடினேன். இல்லை. கடைசியில் ‘பசங்க’ என்று தேடியபோது ஒரே ஒரு இடம் கிடைத்தது. கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண் கேட்கிறாள்: “அண்ணா, உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?”

அப்பா வாயைத் திறக்கிறார். கண்கள் சிரிக்கின்றன. அடுத்த நொடி பார்வை கேமராவுக்குப் போகிறது. சொந்தக் கதை பேசுவதும் கம்பெனி விதிக்குப் புறம்பானது. வாய் மூடிக்கொள்கிறது.

“ஏசி போதுமா மேடம்?”

“சொல்லுய்யா!” அம்மா எழுந்து திரையை அறைந்தாள். “நித்திலான்னு ஒரு வாட்டி சொல்லேன்யா. உன் ஸ்டார்ல இடி விழ. சொல்லித் தொலையேன்யா!”

நான் மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ஏசியைத்தான் கேட்டார்.

ஓராண்டு கடந்தது. அம்மா காலையில் இரண்டு பதிவுகளையும் விடாமல் போடுகிறாள். ஆனால் அவற்றை இணைக்க அவள் மூளைக்கு இனி வழியில்லை. வீட்டுப் பதிவு ஓடும்போது புகையைக் காட்டி, “உங்கப்பா” என்பாள். வண்டிப் பதிவு ஓடும்போது வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்ப்பாள். இவர்தான் அவர் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். தலையாட்டுகிறாள். மறுநாள் தலையாட்டியதே அவளுக்கு நினைவில்லை.

இன்று காலை திரையில் அந்தக் கைக்குழந்தைக்காரி வந்தாள், கேட்டாள். அப்பா வாயைத் திறந்து மூடினார்.

“பாவம், நல்ல மனுசன்” என்றாள் அம்மா, தலையைச் சிக்கெடுத்துக்கொண்டே. “வூட்ல யாரும் இல்ல போல. அதான் மழுப்புறாரு.”

“இருக்காங்கம்மா. பொண்டாட்டி இருக்காங்க. ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு பேர் மேலயும் உயிரா இருந்தாரு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

இளையவர்களின் மூளை இன்னும் சில மாதங்கள் தாங்கும் என்கிறார்கள். அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று சொல்ல வாயெடுத்தேன். நினைவுக்குள் அந்தக் குரலில் என் பெயரைத் தேடினேன். குரல் வந்தது.

“ஏசி போதுமா மேடம்?” என்றது.