போயிட்டு வா

சுவர்கள் சாட்சி சொல்லத் தொடங்கிய பிறகு, அமெரிக்காவின் மில்ஹேவன் நகரத்தில் யாரும் வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசுவதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடக்கூட ஆற்றங்கரைக்குப் போனார்கள்.

எல்லாம் 'சுவர்ச்செவி' என்ற கருவி செய்த வேலை. பேசும் ஒவ்வொரு சொல்லும், எழும் ஒவ்வொரு சத்தமும் சுவரில் பதித்த பீங்கான் ஓட்டின் வழவழப்பில் கண்ணுக்குத் தெரியாத தழும்பை விட்டுப் போகிறதாம். கருவி அதை ஒளியால் வருடிக் குரலாக்கிவிடும்.

எஃகு உலைகள் எரிந்த காலத்தில் அந்த ஊரை ஒரு கும்பல்தான் ஆண்டது. தொழிற்சங்கம், லாரி, சூதாட்டம், கடைத்தெரு எல்லாம் அவர்கள் கையில். மாமூல் தர மறுத்தவன் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் கார் வெடிக்கும். பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. உலைகள் அணைந்தன, கும்பலும் செத்து மடிந்தது. அப்புறம்தான் ஓடுகள் பேசின.

தண்டிக்க உயிரோடு யாராவது வேண்டியிருந்தது. கிழவர் திருவேங்கடம் அகப்பட்டார்.

அவருடைய மளிகைக் கடை ஓட்டில், மாமூல் தர மறுத்த ரொட்டிக்கடை மிலோஷ் கொலையான நாளின் குரல்கள் இருந்தன. கும்பல்காரன் வின்ஸ், "ஒரு வேலை இருக்கு" என்கிறான். திருவேங்கடம், "போயிட்டு வா" என்கிறார். நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பி இயந்திரம் அதை, 'போ, முடித்துவிட்டு வா' என்றது. கொலைக்கு உத்தரவாம்.

மகள் நாச்சியார் சிறைக்கு ஓடினாள். மிலோஷ் சாகும்போது அவள் சின்னப் பிள்ளை. அவர் சூடான ரொட்டி தருவார், கண்ணாமூச்சி ஆடுவார். அவ்வளவுதான் நினைவு.

"நீங்க தபால்காரன்கிட்டயும் அதைத்தானப்பா சொல்லுவீங்க. அந்த வின்ஸ்கூட உங்களைப் பாத்துத்தான் கேலியா அந்த வார்த்தையைப் படிச்சான். கடைக்குப் பின்னால நம்ம அடுக்களை ஓட்டைக் கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"வேண்டாம்ட்டி."

"அப்ப இங்கேயே கிடந்து சாகணுமா?"

"சோறு மோசமில்ல. உப்புதான் கிடையாது. நீ போ."

'போ' என்றார். பிறந்ததிலிருந்து அவளிடம் அப்படி மொட்டையாகச் சொன்னதே இல்லை. எதையோ மறைக்கிறார். மறைக்கட்டும், அதற்காக அவரை இங்கே சாகவிட முடியுமா? அடுக்களை ஓட்டைக் கேட்கும் மனுவில் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். ஒரு சுவரைத் திறந்தால் அந்த நாள் முழுவதையும் கேட்டாக வேண்டும் என்பது சட்டம்.

நீதிமன்றத்தில் அடுக்களை ஓடு பேசியது. தோசைக்கல்லில் சுர்ரென்று மாவு விழுந்தது. பிறகு திருவேங்கடத்தின் இளம் குரல்.

"நாச்சியா, டிபன் எடுத்துக்கிட்டியா? போயிட்டு வா."

கொஞ்ச நேரத்தில், "போயிட்டு வாங்க" என்று பால்காரருக்கு. அடுத்து ஒரு 'மியாவ்'. அதற்கும், "சரி, போயிட்டு வா."

சபையே சிரித்தது. அரசு வழக்கறிஞர் அம்மாளும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "இவர் பூனையைக் கொலைக்கு அனுப்பியதாகவா சொல்கிறீர்கள்?" என்று நீதிபதி கேட்டார். நாச்சியார் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். அப்பா பிழைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"நிறுத்தச் சொல்லு தாயி," என்றார். "போதும்."

நிறுத்த முடியாது. ஓட்டில் சாயங்காலம் வந்துவிட்டது. கதவு திறக்கும் சத்தம். வின்ஸின் குரல்.

"குட்டி, உன் மிலோஷ் மாமாவைக் காணோமே?"

பள்ளிவிட்டு வந்த பிள்ளையின் கிசுகிசுப்பு. "சத்தம் போடாதீங்க. கண்ணாமூச்சி ஆடறோம். அப்பாதான் ஒளிச்சு வச்சிருக்காங்க. பின் தெருக் கிடங்குல, மாவு மூட்டைக்குப் பின்னால."

யாரோ தலையைத் தட்டிக் கொடுக்கும் சத்தம். வின்ஸ் கொச்சைத் தமிழில் சொன்னான்: "போயிட்டு வரேன்."

"போயிட்டு வாங்க, மாமா."

கடை வழியாக வெளியேறும் காலடி. அந்தக் காலடிக்குத்தான் அப்பா, ஒன்றுமறியாமல், தன் பங்குக்கு அதையே சொல்லியிருக்கிறார்.

மொழிபெயர்ப்பி திரையில் எழுதியது: 'போங்கள், முடித்துவிட்டு வாருங்கள்.'

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை தான்தான் என்று நாச்சியாருக்குத் தெரிந்தது.

நீதிபதி மெதுவாகக் கேட்டார். "இது யாருடைய குரல்?"

கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருவேங்கடம் எழுந்து நின்றார்.

"என் குரல்தான்யா," என்றார்.