சிவப்புப் பலகைக்குப் பின்னால்

அன்று மேலே வந்த கம்பளிகளில் ஒன்று மடங்க மறுத்தது.

பியான்சோலோ என்ற அந்த மலையூரின் லிஃப்ட், பெரிய பனிச்சறுக்கு ஊர் ஒன்று கழித்துக்கட்டியதை வாங்கி நட்டது. கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறும், இருவர் உட்காரும் திறந்த நாற்காலிகள். காற்றுக்கு மறைப்பு கிடையாது. அதனால் அடிவாரத்தில் ஏறுகிறவர்களின் முழங்கால்மேல் ஓர்நெல்லாவின் சித்தப்பா பத்திஸ்தா ஒரு கம்பளியைப் போர்த்தி அனுப்புவார். மலைமேல் ஓர்நெல்லா கைகொடுத்து அவர்களை இறக்கி, கம்பளியை வாங்கி மடித்துவைப்பாள். மலிவுக்காக இந்த ஊரைத் தேடி வருகிறவர்கள் கம்பளிக்காகத்தான் மறுவருடமும் வருகிறார்கள் என்பது பத்திஸ்தாவின் பெருமை.

இந்தக் கம்பளி ஆளில்லாத நாற்காலியில் வந்திருந்தது. உறைந்து விறைத்து, நடுவே இரண்டு மேடுகளோடு, யாரோ முழங்கால்களை மட்டும் உருவிக்கொண்டு போனதுபோல. அவள் அதை அறை மூலையில் சாய்த்துவைத்தாள். கணப்புக்குப் பக்கத்தில் இருந்தும் அது இளகவில்லை.

பொழுது சாயும்போது மூட்டம் இறங்கியது. முதலில் பைன் மரங்கள் மறைந்தன, பிறகு கம்பங்கள், பிறகு கம்பிவடமே மறைந்து, நாற்காலிகள் வெறும் வெண்மையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து வந்து, தலைக்குமேல் முனகும் பெரிய சக்கரத்தைச் சுற்றி, மறுபடி வெண்மைக்குள் போயின. கடைசி ஆள் ஏறியதும் அடுத்த நாற்காலியில் பத்திஸ்தா சிவப்புப் பலகையைத் தொங்கவிடுவார். அது மேலே வந்ததும் லிஃப்டை நிறுத்திவிட வேண்டும். பலகைக்குப் பின்னால் வருவது நம்முடையது அல்ல என்பது அந்தப் பள்ளத்தாக்கில் பழைய பேச்சு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பலகை வந்தது. அவள் நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போகையில் மார்பில் தொங்கிய வாக்கி டாக்கி கரகரத்தது.

"நிறுத்திட்டியா ஓர்நெல்லா?"

"இப்பதான் பலகை வந்துச்சு சித்தப்பா."

பெல்ஜியக்காரர் ஒருவர் கீழே அழுதுகொண்டு நிற்கிறாராம். அவர் மனைவி, லீவ் என்று பேர், சறுக்கி இறங்கப் போனவள் இன்னும் வந்து சேரவில்லை. தேட ஆள் போயிருக்கிறதாம்.

ஓர்நெல்லாவுக்கு அவளைத் தெரியும். மதியம் மேலே வந்தபோது வலது கை நீலம் பாரித்திருந்தது. பச்சைக் கையுறைகளில் ஒன்று வழியில் நழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றாள். ஓர்நெல்லா தன் வலது கையின் சாம்பல் நிற உறையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டிருந்தாள்.

"நடு நிறுத்தத்துல ஏறியிருந்தா?" என்றாள். மூடிக் கிடந்தாலும், வழி தவறியவர்கள் சில சமயம் அங்கே தாவி ஏறிக்கொள்வதுண்டு. "இப்ப நிறுத்தினா விடியற வரைக்கும் அந்தரத்துல தொங்குவா. செத்துப்போயிருவா சித்தப்பா."



"உங்கம்மாவும் இப்படித்தான். தெருநாய் முனகினாக்கூடக் கதவைத் திறந்துவிடுவா. சரி, ஓடட்டும். சூப்பு ஆறிப்போச்சுன்னு என்கிட்ட வராத."

சுவரில் இருந்த பனிமய மாதா படத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றாள். உறையில்லாத கையை அக்குளில் செருகிக்கொண்டாள். நாற்காலி வந்தது. காலி. இன்னொன்று. காலி. அடுத்ததில் ஒரு கம்பளி விரிந்திருந்தது, இரண்டு மேடுகள். ஈரக் கம்பளியின் வாடை, அதனடியில் தோண்டிய மண்ணின் வாடை. அது அவளைக் கடந்து சக்கரத்தைச் சுற்றும்போது, மேடுகள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். காற்று இல்லை.

மிச்சக் கம்பளிகள் அத்தனையையும் எண்ணிக் கீழே அடுக்கிவிட்டதாகப் பத்திஸ்தா பலகையைத் தொங்கவிடும் முன்பே சொல்லியிருந்தார். பொத்தான் நாலு எட்டு தூரத்தில் இருந்தது. ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பினாள்.

அப்போது கீழே, வெண்மைக்குள், சறுக்குக் கட்டைகள் ஒன்றோடொன்று உரசின. யாரோ கால்களை ஆட்டுவதுபோல. உயிருள்ளவர்கள் குளிருக்கு ஆட்டுவதுபோல.

"லீவ்?" என்றாள்.

நாற்காலி வந்தது. கம்பளி. முழங்கால்கள். அதற்குமேல் அடர்ந்த மூட்டம். மூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டது.

பச்சை உறை.

"மாதாவே, உனக்கு நன்றி." எல்லோருக்கும் நீட்டும் அதே வலது கையை நீட்டினாள். பற்றினாள். "இறங்குங்கம்மா. பயப்படாதீங்க."

வாக்கி டாக்கி கரகரத்தது. பத்திஸ்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திடும்மா. அந்தப் பொண்ணு நடந்தே வந்து சேர்ந்துட்டா. ஒரு கையில பச்சை, ஒரு கையில உன்னோட சாம்பல் உறை. நீ குடுத்ததாலதான் விரல் தப்பிச்சுதுன்னு அழறா."



நாற்காலி சக்கரத்தைச் சுற்றி இறங்கிப் போய்விட்டது. கை போகவில்லை.

வெறும் தோலில் குளிர் ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. பள்ளத்தில் விழுந்துபோன அந்த உறைக்குள் விரல்கள் இறுகின, மெதுவாக, கனிவாக, பல காலம் காத்திருந்தவர்கள் பிடிப்பதுபோல. பொத்தான் நாலு எட்டு தூரத்தில்.

"ஓர்நெல்லா? நிறுத்திட்டியா?"

அடுத்த நாற்காலி வந்தது. முழங்கால்கள். அதற்கடுத்தது. முழங்கால்கள். மூட்டம் சற்றே விலகியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நாற்காலிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும், இறக்கிவிடச் சொல்லி, ஒரு கை நீண்டிருந்தது.